வெளியில் நின்ற கொக்கி

ஒரு வயிற்றுக்குள் வாழ்ந்த பாக்டீரியாவின் தோலில் ஒரு கதவும், அதன் வெளிப்பக்கம் ஒரு கொக்கியும் இருந்தன. மிதந்து வரும் நீளமான சர்க்கரைச் சங்கிலியைக் கொக்கி எட்டிப் பிடிக்கும். கதவு வாங்கி உள்ளே தள்ளும். உள்ளே இருக்கும் கத்தி அதைத் துண்டு போட்டு எல்லோருக்கும் பங்கு வைக்கும். கொக்கிக்கு மட்டும் பங்கு வந்ததே இல்லை.

“எனக்கு ஒரு துணுக்குகூடக் கெடைக்காதா அண்ணே?” என்று அது ஒருநாள் கதவிடம் கேட்டது.

“வெளியில நிக்கிறவனுக்கு உள்ள என்னடா வேலை?” என்றது கதவு.

பிறகு, வயிற்றுக்குச் சொந்தக்காரர் விரதம் இருக்கத் தொடங்கினார். சர்க்கரை வருவது நின்றுபோனது. கொக்கி மட்டும் பழக்கம் விடாமல் வெறும் நீரைத் துழாவிக்கொண்டிருந்தது.

நாலாம் நாள் கதவு தானாகத் திறந்தது.

“உள்ள வா தம்பி. நீயும் நம்ம ஆளுதானே!”

கொக்கிக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. “வெறுங்கையோட வர்றேனே அண்ணே,” என்று கூசிக்கொண்டே நுழைந்தது.

“அதனால என்ன, நீ வந்ததே போதும்,” என்று சொல்லிக் கதவு மூடிக்கொண்டது.

உள்ளே எல்லோரும் வட்டமாக உட்கார்ந்திருந்தார்கள். கத்தி கொக்கியை மேலும் கீழும் பார்த்துவிட்டு, “எத்தனை பங்கு வைக்கணும்?” என்று கேட்டது.

“எப்பவும் வைக்கிற அதே பங்குதான்,” என்றது கதவு.