வெளிக்கொடி

ஒரே நஞ்சுக்கொடியில் வளர்ந்த இரட்டையர் அவர்கள். வயிற்றுக்குள்ளேயே இளையவனுக்கு ரத்தம் குறைந்து, குடலில் ஒரு பகுதி கெட்டுப்போயிருந்தது. பிறந்த அன்றே அதை வெட்டியெடுத்துத் தைத்தார்கள். தையல் ஆறும்வரை இரண்டு தொட்டில்களுக்கும் நடுவே, இருவர் ரத்தத்தையும் இணைக்கும் வெளிக்கொடி என்ற குழாய் ஓடியது. அண்ணன் குடிக்கும் பாலின் சத்து அதன் வழியே தம்பிக்குப் போனது.

நாற்பத்தொரு நாளாகச் செண்பகவல்லி மூத்தவனுக்கு மட்டுமே பால் கொடுத்தாள். இளையவன் பசியை அறிந்ததே இல்லை. ஊசி குத்தினாலும் முகம் சுளிப்பான், சத்தம் வராது; அவன் குரலை அவள் கேட்டதே இல்லை.

இன்று காலையில் கொடியைக் கழற்றினார்கள்.

"இனி பசிச்சு அவனா அழணும் தாயி. அப்பதான் குடல் வேல செய்யுதுன்னு அர்த்தம்," என்றாள் நர்ஸ் ஜெசிந்தா.

"அழலன்னா?"

"சாயங்காலம் மறுபடி வயித்தத் தொறப்பாங்க."

பால் வாசம் இளையவனுக்கு எட்டக்கூடாது என்று, அவன் தொட்டிலை மறைத்த திரைக்கு இந்தப் பக்கம் அவளை உட்கார வைத்தார்கள். தாயைத் தவிர உறவினர் யாருக்கும் அங்கே அனுமதி இல்லை. மூத்தவன் குடித்துவிட்டு மடியில் தூங்கினான். இன்னொரு மார்பில் பால் கட்டி வலித்தது. மதியம் முழுக்க அவள் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். அதன் பின்னால் ஒரு சத்தமும் கேட்கவில்லை.

நாலு மணிக்கு எங்கோ ஒரு குழந்தை கரகரத்த குரலில் அழுதது. அவள் சட்டென்று மடியைப் பார்த்தாள். மூத்தவன் தூங்கிக்கொண்டுதான் இருந்தான்.

"அக்கா, பக்கத்து ரூம்ல எந்தப் பிள்ளையோ அழுது. அதோட அம்மாவ வரச் சொல்லுங்க."

ஜெசிந்தா திரையை விலக்கினாள்.

"நீதான் தாயி வரணும்."