துரை பார்க்க வந்த ஆஸ்பத்திரி

பாலாற்றின் அக்கரையில் தோல் பதனிடும் ஷாப்பில் கூலியாட்களுக்கென்று ஆஸ்பத்திரி கட்டிவிட்டதால், இக்கரை முதலாளியும் எட்டே நாளில் ஒன்று கட்டிவிட்டார். சுவரில் சுண்ணாம்பு வாசனை இன்னும் போகவில்லை. மதராஸிலிருந்து தோல் வாங்கும் துரை அதைப் பார்க்க வந்துகொண்டிருக்கிறார். இந்த நேரம் பார்த்து நிஜமாகவே ஒரு நோயாளி வந்து நிற்கிறான். குழியில் தோல் அலசும் தனகோடிக்குக் கழுத்தில் காசளவு கறுத்த புண். டாக்டர் சாமுவேலின் விரல் அதன் அருகே போய், தொடாமல் நிற்கிறது.

"வலிக்குதா?"

"இல்லீங்க சார். அதான் பயமா இருக்குது. எங்கூட குழியில நின்ன காசிக்கும் இப்படித்தான், வலியே இல்ல. மூணாம் நாள் பொதைச்சிட்டு வந்தோம்."

டாக்டர் முதலாளியிடம் திரும்புகிறார். "தோல்லருந்து ஒட்டுற நோய் இது, அடுத்த ரயில்ல வேலூருக்கு அனுப்பணுங்க. ஸ்டேஷன் போக ஜட்கா வண்டி வேணும்."

"ஜட்கா துரையைக் கூட்டியாரப் போயிருக்குதய்யா! இந்தப் புண்ணை அவர் பாத்தார்னா சரக்கெல்லாம் அக்கரையிலயே வாங்கிடுவார்." முதலாளி தம் தோள்துண்டை எடுத்து, எட்ட நின்றே தனகோடியின் மேல் வீசுகிறார். "கழுத்துல சுத்திக்க."

ஜட்கா வந்து நிற்கும் சத்தம் கேட்கிறது. உள்ளே வந்த துரை, நோயாளியைக் கண்டு பூரித்துப்போகிறார். மருந்து கொடுப்பதைப் பார்க்க வேண்டுமாம். டாக்டர் வேர்த்துக்கொண்டே அலமாரியிலிருந்து சிவப்பு பாட்டிலை எடுத்து டம்ளரில் ஊற்றுகிறார். மருந்துப் பெட்டி வந்து சேராததால், தோல் ஊறும் பட்டைத்தண்ணீரை நேற்று அந்த பாட்டில்களில் ஊற்றி நிரப்பியவனே தனகோடிதான். அவன் கண்ணை மூடிக்கொண்டு குடித்து முடிக்கிறான். பிறகு வாசலைப் பார்த்தபடி டாக்டரிடம் மெதுவாகக் கேட்கிறான்:

"ஜட்கா இப்ப சும்மாதானே நிக்குது, சார்?"