பத்து கிலோவுக்குள்

போட்டி மேடையில் முந்நூறு கிலோ இரும்பைத் தூக்கி ஆசிய சாதனை படைத்தவள் ஜெபக்கனி. இப்போது அவள் வீட்டுக்குள் மழைவெள்ளம் ஏறிக்கொண்டிருந்தது. சரிந்து விழுந்த இரும்பு பீரோவுக்கடியில் கணவன் ஆசீரின் கால்கள் மாட்டியிருந்தன. உட்கார்ந்த வாக்கில் கிடந்தான்.

மேடைப் பழக்கதோஷத்தில், பிடி வழுக்காதிருக்க உள்ளங்கையில் வெள்ளைப் பொடியைத் தடவிக்கொண்டு குனிந்து பீரோவைப் பிடித்தாள். தோள்கள் ஈரத்துணி போலத் துவண்டன. தன்னைப் போட்டிகளுக்கு அனுப்பும் கம்பெனிக்குத் தன் பலத்தையே எழுதிக்கொடுத்தவள் அவள். மேடைக்கு வெளியே பத்து கிலோவுக்கு மேல் தூக்க முடியாதபடி அதற்குப் பூட்டு. அப்படி எழுதிக்கொடுத்து வாங்கிய வீடுதான் இது. தெருவிலோ கூப்பிட ஆளில்லை.

கம்பெனிக்குப் போன் போட்டாள்.

"கவலப்படாதீங்க மேடம்," என்றாள் எதிர்முனைப் பெண், கனிவாகவே. "அந்த பீரோவ மேடைக்குக் கொண்டுவந்துட்டீங்கன்னா பூட்டு தானா திறந்துடும்."

தண்ணீர் ஆசீரின் தாடையைத் தொட்டது.

"என்னட்டி சொல்லுதாவ?"

"ஆளு வாராவளாம்."

அவன் அதை நம்பினான். அவன் தலையை இரு கைகளிலும் ஏந்தி, கழுத்து எட்டும் மட்டும் மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டாள். அது பத்து கிலோவுக்குள்தான் இருந்தது.