இடது பக்கத்து ஜெட்

கார்பரேட்டரைப் பிரித்து, பெட்ரோலை அளந்து விடுகிற இடது பக்கத்து ஜெட்டை வெயிலில் தூக்கிப் பிடித்தேன். துளைக்குள் மயிரிழை அளவுக்கு ஒரு செம்புக் கம்பி.

சட்டென்று உள்ளங்கையில் மூடிக்கொண்டேன்.

முத்துகிருஷ்ணன் அண்ணன் மூன்றடி தள்ளி, என் பட்டறை வாசலில் கிடந்த லாரி டயர்மேல் உட்கார்ந்திருந்தார். இந்தப் பழைய பைக்கில் போய்த்தான் அவர் மகன் மருதுபாண்டி உச்சிப்புளி தாண்டி விழுந்து செத்தான். எதிரே வண்டி வரவில்லை, குறுக்கே மாடு வரவில்லை. வேகம்தான் காரணம் என்று ஊரே முடிவு கட்டிவிட்டது.

வண்டியை ஸ்டேஷனிலிருந்து நேற்றுத்தான் விட்டார்கள். குட்டியானை வேனில் ஏற்றி நேராக என்னிடம் கொண்டுவந்துவிட்டார்.

“எம்புள்ள மெதுவாத்தேன் போவான்னு ரெண்டு மாசமா அவுக அம்மா ஒத்தக்கால்ல நிக்கிறா. வண்டியில கோளாறா, அவன் போன வேகமா? அத மட்டும் பாத்துச் சொல்லுங்க பாய்.”

கோளாறு வண்டியில்தான். இரண்டு சிலிண்டர், ஒவ்வொன்றுக்கும் ஒரு கார்பரேட்டர். இடது பக்கம் கம்பி அடைத்து பெட்ரோல் குறைந்திருக்கிறது. அதோடு கலந்து போகிற ஆயிலும் குறைந்திருக்கிறது. சூடேறி பிஸ்டன் ஜாமாகி, ஓடும்போதே பின்சக்கரம் நின்றுவிட்டது. நாற்பதில் போனாலும் ஆளைத் தூக்கித்தான் எறியும்.

மைலேஜுக்காக ஜெட்டில் கம்பி செருகுவது எங்கள் தொழிலில் சாதாரணம். நானே எத்தனையோ வண்டிக்குச் செருகியிருக்கிறேன்.

இந்த வண்டியைக் கடைசியாகப் பார்த்ததும் நான்தான். நோன்புப் பெருநாளுக்கு முந்தின நாள், வாசலில் பதினோரு வண்டி நிற்க, அரக்கப்பரக்கப் பார்த்துக் கொடுத்தேன். இதற்குப் போட்டேனா? ஞாபகமே இல்லை.

கையிலிருந்த ஜெட்டைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு வலது பக்கத்தையும் பிரித்துப் பார்த்தேன். சுத்தமாக இருந்தது. ஒரு பக்கம் போட்டுவிட்டு மறுபக்கம் மறந்துவிட்டேனா?

வீட்டில் இரண்டு பெண் பிள்ளைகள் இருக்கிறார்கள் எனக்கு. போலீஸ், கேஸ் என்று போனால் அவர்கள் கதி?

வண்டியில் ஒரு குறையும் இல்லை, இரண்டு ஜெட்டும் சுத்தம் என்று சொல்லிவிட்டேன்.

அவர் எழுந்து பக்கத்தில் வந்தார்.

“நல்லாப் பாத்தீகளா? மருந்தடிக்கிற மிஷினுக்குச் செருகுற மாதிரி நாந்தேன் அதுல ஒரு கம்பிய வச்சேன், அவனுக்குத் தெரியாம. வேகம் கொறையட்டும்னு வச்சேன் பாய். அங்கிட்டு இன்னொரு ஜெட்டு இருக்கதுகூட எனக்குத் தெரியாது.”

நான் இல்லை. அல்லாஹ்வே, நான் இல்லை. அந்த நிமிஷம் எனக்கு வந்தது சந்தோஷம்தான், அதை மறைக்க என்ன இருக்கிறது?

அப்புறம்தான் அவர் முகத்தைப் பார்த்தேன்.

மருது அதை அப்போதே பார்த்து எடுத்துப் போட்டிருப்பான் என்றேன்.

அவர் என்னைக் கையெடுத்துக் கும்பிட்டார். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு வீட்டுக்குப் போன் போட்டார்.

“வண்டியில ஒன்னுமில்லையாம். ஒம்மகன் வேகமாத்தேன் போயிருக்கான்.”

இல்லை, இல்லை என்று அந்தம்மா அலறியது எனக்கே கேட்டது. சட்டைப் பையில் கிடந்த ஜெட்டைக் கையால் பொத்திக்கொண்டேன்.