ஓரத்து எண்கள்

மாலை வெயில் கணினி வகுப்பின் சன்னல் கம்பிகளுக்கிடையே நுழைந்து விசைப்பலகையின் மேல் சாய்ந்து கிடக்கிறது. நான்கு மணிக்குள் நிரல் ஓடாவிட்டால் வேறு வகுப்புக்குப் போய்விடு என்று ஆசிரியர் அவளிடம் சொல்லிவிட்டார். அவள் அடித்த நிரலோ ஓடமாட்டேன் என்கிறது. திரை முழுக்கச் சிவப்பு வரிகள் மிதக்கின்றன. பக்கத்து இருக்கைக்காரி எட்டிப் பார்த்து வாயைப் பொத்துகிறாள். "அடியே, புத்தகத்து ஓரத்துல இருக்கிற ஒண்ணு, ரெண்டு, மூணையும் சேர்த்தா அடிச்ச? அது வரியை எண்ணிப் பார்க்கிறதுக்குடி!" வீட்டில் கணினி இல்லாமல், இரவல் புத்தகத்தை ஓர் எழுத்து விடாமல் நோட்டில் எழுதியே படித்தவள் அவள். "சிரிச்சாச்சுல்ல? உன் வேலையைப் பாரு." காதுமடல் கொதிக்க, எண்களை ஒவ்வொன்றாக அழிக்கிறாள். திறந்த அடைப்புக்குறியை மூடுகிறாள். வரி முடிவில் அரைப்புள்ளி வைக்கிறாள். மின்விசிறி தண்ணீருக்கடியில் சுற்றுவதுபோல் கேட்கிறது. மேற்கோள் குறிகளுக்குள் எதை எழுதினாலும் இயந்திரம் திருத்தாது, அப்படியே திருப்பிச் சொல்லும். அங்கிருந்த 'வணக்கம்' என்ற சொல்லை எடுத்துவிட்டு வேறொன்றை அடிக்கிறாள். நான்கு மணிக்கு இன்னும் ஒரு நிமிடம். நிரலை ஓட்டும் விசையைத் தட்டுகிறாள். சிவப்பெல்லாம் கரைந்துபோன கறுப்புத் திரையில், வெயில் தொடும் இடத்தில், வெள்ளை எழுத்துகள் நிற்கின்றன: நான் எங்கயும் போறதா இல்ல.