கொழுவில் விரிசல்

"பச்சைப் பொய்! வாயைத் திறந்தாலே பொய்!"

காலையிலிருந்து இதையே சொல்லிச் சொல்லிப் புகார் எழுதிக்கொண்டிருந்தாள் அவள். பக்கத்தில் சட்டைக்குப் பொத்தான் தைத்துக்கொண்டிருந்த கணவர் மெல்ல வாயைத் திறந்தார்.

"பாவம், அந்த டிரைவர் பிழைச்சுப் போகட்டும். விட்டுடேன்."

"விடுறதா? அப்புறம் நம்ம நிலத்தை நீங்களா உடைப்பீங்க?"

அவர் மறுபடி பொத்தானுக்குத் திரும்பிவிட்டார்.

நிலக்கரி தோண்டி முடித்ததும் குழியை மூடி நிலத்தைத் திருப்பிக் கொடுத்திருந்தது சுரங்கம். கொடுத்தது நிலமா, தார் ரோடா என்றுதான் புரியவில்லை. ராட்சச வண்டிகள் ஏறி மிதித்ததில், ஒரு முழத்துக்குக் கீழே மண் இறுகிக் கிடந்தது. வேரும் இறங்காது, தண்ணீரும் இறங்காது. மூன்று வருஷமாகப் போட்ட சோளம் கணுக்காலைத் தாண்டவில்லை.

அந்த இறுகிய மண்ணை உடைக்கத்தான் சுரங்க அலுவலகத்திலிருந்து ஆழ உழவு வண்டி வருகிறது. ஒரு நிலத்துக்கு ஒரே தடவை.

அவள் முறை முந்தாநாள். வண்டி சிரமப்படக் கூடாதே என்று, இரண்டு நாள் மோட்டார் போட்டு நிலத்தை நன்றாக ஊற வைத்திருந்தாள்.

டிரைவர் இறங்கினான். நாலு இடத்தில் கம்பியால் குத்திப் பார்த்தான். முகம் சுருங்கியது. பின்னால் போய், வண்டியில் மாட்டியிருந்த நீளமான இரும்புக் கொழுவைத் தட்டிப் பார்த்தான்.

"அக்கா, கொழுவுல விரிசல் விட்டிருக்கு. இன்னைக்கு ஓடாது. அப்புறம் வர்றேன். அதுவரைக்கும் தண்ணி மட்டும் விட்டுடாதீங்க."

மறுநாள் அதே வண்டி, அதே கொழு, பக்கத்து நிலத்தில் ஜாம்ஜாமென்று ஓடிக்கொண்டிருந்தது! மண் பாளம் பாளமாக எழும்பியதைப் பார்க்கப் பார்க்க அவளுக்கு வயிறு எரிந்தது.

புகாரோடு அலுவலகம் போனபோது, அவளுக்கு முன்னால் ஒரு பெரியவர் கெஞ்சிக்கொண்டிருந்தார்.

"மண்ணு மெத்துன்னு இருக்கட்டுமேன்னுதான் சார் தண்ணி விட்டேன்."

அதிகாரி தலையில் கை வைத்துக்கொண்டார்.

"காஞ்சு கிடந்தாத்தான் பெரியவரே அடிமண் நொறுங்கும். ஈரத்துல உழுதா, கொழு போன தடம் சேறா மெழுகி இன்னும் இறுகிடும். ரெண்டாவது வண்டி டிரைவர் ஈரம்னு எழுதிட்டார். எழுதிட்டா பேரை அடிக்கணும், அதான் விதி. இனி அடுத்த வருஷம்தான்."

அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது.

"சார்... வண்டியில கோளாறுன்னா?"

"அது எங்க தப்பும்மா. முறை அப்படியே இருக்கும். பத்து நாள்ல வண்டி மறுபடி வரும்."

பத்து நாளில் அவள் நிலம் நன்றாகக் காய்ந்துவிடும். இரண்டு நாளாக அந்தப் பிள்ளையைத் திட்டித் தீர்த்ததை நினைக்க, அவளுக்கு வெட்கமாக இருந்தது.

அதிகாரி அவளை உற்றுப் பார்த்தார். "மேட்டு நிலத்துக்காரம்மாதானே? நல்ல நேரத்துல வந்தீங்க. உங்க நிலத்துல கொழு விரிசல்னு எழுதிட்டு டிரைவர் திரும்பி வந்துட்டான். மறுநாளே வண்டி ஓடுது! கேட்டா, ராவோட ராவா பத்த வெச்சு ஒட்டிட்டேங்கறான். சோம்பேறித்தனத்துக்குப் பொய் சொல்றான்னு தோணுது. இன்னைக்கே அவனை வண்டியை விட்டு இறக்கப் போறேன். கையில என்ன, அவன் மேல புகாரா?"

அவள் காகிதத்தை நாலாக மடித்துப் பைக்குள் திணித்தாள்.

"புகாரா? ஐயோ, நீங்க வேற! இவ்ளோ பெரிய விரிசல் சார், என் சுண்டு விரலே உள்ள போச்சு!"