தோலுக்கடியில் ஒரு வாசல்

மருத்துவமனை நடையில் காலை வெயில் பாதித் தரை வரை வந்து நிற்கிறது. அறுவை அறைக்கு வெளியே, புதிய மருத்துவக் கருவி ஒன்றை உருவாக்கியவர் அதன் மாதிரியை உள்ளங்கையில் வைத்து ஒரு தாய்க்குக் காட்டுகிறார். சட்டைப் பொத்தான் அளவுதான்; அதிலிருந்து சேமியா போல ஒரு மெல்லிய குழாய் நீள்கிறது. இதைத் தோலுக்கடியில் பதித்துவிட்டால், பித்தக்குழாய் அடைக்கும்போதெல்லாம் தொண்டை வழியே குழாய் விட வேண்டாம். இந்தப் பொத்தான் வழியே ஓர் ஊசி செலுத்தினாலே அடைப்பை எடுத்துவிடலாம். நான்கு வருடம் தன் மகளுக்காகவே இதை உருவாக்க உழைத்தார். அனுமதிக் கடிதம் வர இருபது நாள் இருக்கையில் அவள் இறந்துபோனாள். இப்போது உள்ளே, இதைப் பெறப்போகும் முதல் குழந்தையாக, இந்தத் தாயின் ஏழு வயதுப் பெண் படுத்திருக்கிறாள்.

தாய் அந்தப் பொத்தானை விரல் நுனியால் தொட்டுப் பார்க்கிறாள். “உறுத்துமாங்க?”

“ரெண்டு மூணு நாள் உறுத்தும்மா. அப்புறம் இருக்கறதே தெரியாது.”

“இதைச் செய்யணும்னு உங்களுக்கு எப்படித் தோணுச்சு?”

“என் பொண்ணுக்கும் இதே கஷ்டந்தான். ஆஸ்பத்திரின்னாலே கட்டிலுக்கு அடியில போய் ஒளிஞ்சுக்குவா.”

“இவளும் அப்படித்தாங்க!” அன்று முதல்முறையாகத் தாய் சிரிக்கிறாள். கதவுக்கு மேலே சிவப்பு விளக்கு எரிகிறது. சட்டென்று அவள் முகம் மாறுகிறது. “அப்ப ஏன் உங்க பொண்ணுக்கு முதல்ல வைக்கல?”

அவர் வெயிலைப் பார்க்கிறார். “அவளுக்கு இனிமே தேவைப்படாதும்மா.”

“தானாவே சரியாயிடுச்சா?” தாய் பெருமூச்சோடு சுவரில் சாய்கிறாள். “கொடுத்து வச்சவ.”

அவர் விரல்களை மெல்ல மூடிக்கொள்கிறார்.

“ஆமாம்மா” என்கிறார்.